தாழ்ப்பாள் சத்தம்

ஜனவரி 6, செவ்வாய்

இன்று ராத்திரி அப்பா நான்கு முறை வெளியே போனார். தாழ்ப்பாள் சத்தத்தை எண்ணித்தான் தெரியும். பதினொன்று, பன்னிரண்டே முக்கால், இரண்டு, மூன்றரை. போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பயாலஜி நோட்டின் கடைசிப் பக்கங்கள். யாரும் பார்க்கமாட்டார்கள்.

அக்காவின் பிரசவத்துக்கு அம்மா சங்கரன்கோவில் போய்ப் பத்து நாளாகிறது. தேயிலை எஸ்டேட்டின் லயத்து வரிசை வீட்டில் ஒரே அறை. நானும் அப்பாவும் மட்டும். கக்கூஸ் எட்டு வீடு தாண்டி, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில்.

குழாயடியில்தான் நேற்று ஆனை லத்தி கிடந்தது.

ஜனவரி 8, வியாழன்

எஸ்டேட் வாட்ஸப்பில் வந்தது: ஒற்றை ஆனை ஆறாம் நம்பர் காட்டில் நிற்கிறது, யாரும் வெளியே இறங்க வேண்டாம். அப்பாவும் படித்தார். பதினொரு மணிக்குத் தாழ்ப்பாளை இழுத்தார்.

எண்ணிக்கொண்டு கிடந்தேன். அறுநூற்று நாற்பது வரை. ஒன்றுக்குப் போக இவ்வளவு நேரமா?

காலையில் கேட்டேன். "தண்ணி கூடக் குடிச்சிட்டேன் பாப்பா. நீ படி, போ." பொய். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், ராத்திரி பாலில்லாத கட்டன் சாயா ஒரு டம்ளர் தவிர, அவர் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

ஜனவரி 9, வெள்ளி

ஃபேக்டரியில் ரோலர் பக்கத்தில் நின்றபடியே அப்பா தூங்கிவிட்டாராம். பக்கத்து வீட்டு ஏசுதாஸ் மாமா ஜீப்பைத் துடைத்துக்கொண்டே கத்தினார்: "வேய் நல்லதம்பி, ராத்திரி வாட்ச்மேன் வேலையும் சேத்துப் பாக்கீரோ?"

"ஆனைக்குப் பேச்சுத்துணை வேணும்லாவே" என்று அப்பா சிரித்தார்.

சட்டையின் வலது கை கிழிந்திருந்தது. மெஷின் இழுத்தது. மடித்து மறைத்துக்கொண்டார்.

ஜனவரி 10, சனி

கதவோரம் ஒரு பக்கெட் வைத்தேன். அப்பா அதைத் தூக்கி வெளியே எறிந்தார். "வயசுப் பிள்ள படுத்திருக்க இடத்துலயா? என்னைய என்னன்னு நெனச்சட்டி?"

எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸிடம் போகலாம் என்றேன். "ஜின்சி சிஸ்டர்ட்ட போயி இதையெல்லாம் சொல்லச் சொல்லுதியா? பொம்பளைட்டயா?"

ஐம்பத்தொன்பது வயது. துண்டால் கண்ணைத் துடைத்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

டிசம்பரில் எனக்குச் சளி பிடித்தபோது டிஸ்பென்சரியில் தந்த மஞ்சள் மாத்திரை ஆறு மீதி இருக்கிறது. அதைப் போட்டால் விடியும்வரை எழுப்பவே முடியாது என்று அம்மா திட்டுவாள்.

சளி மாத்திரைதானே. தூங்கினால் வெளியே போகமாட்டார். ஒன்றைப் பொடித்து அப்பாவின் கட்டன் சாயாவில் கலக்கினேன். சீனி இரண்டு கரண்டி.

ஜனவரி 12, திங்கள்

ஒரே ஒரு தாழ்ப்பாள்! சாமி, நன்றி. இன்றும் ஒன்று கலக்கினேன்.

ஜனவரி 13, செவ்வாய்

ஆனை குழாயை மிதித்து வளைத்திருக்கிறது. கக்கூஸ் கதவில் ஒரு பாதி இல்லை.

இன்று இரண்டு மாத்திரை.

ஜனவரி 15, வியாழன்

இன்று பொங்கலாம். மூணாறு ஆஸ்பத்திரி வராந்தாவில் இருக்கிறேன்.

நேற்றிரவும் சாயாவில் இரண்டு போட்டேன். ஒன்றரை மணிக்கு அப்பாவே என்னை எழுப்பினார். மூன்று தடவை வெளியே போய் வந்திருக்கிறார், அசந்து தூங்கிய எனக்குக் கேட்கவில்லை. "வரமாட்டேங்குதுட்டி. ஒரு சொட்டு வரல." அடிவயிறு கல்லு மாதிரி வீங்கியிருந்தது. தொட்டதும் கத்திவிட்டார்.

ஏசுதாஸ் மாமா ஜீப்பை எடுத்தார். டிஸ்பென்சரி வளைவில் ஆனை நின்றது. விளக்கை அணைத்தார், இன்ஜினை அணைத்தார். "மூச்சு விடாதீய" என்றார். நாற்பது நிமிஷம். அப்பா துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தார். ஆனையின் காது அசையும் சத்தம் கேட்டது. நான்தான் செய்தேன், நான்தான் செய்தேன் — இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிஸ்பென்சரியில் ஜின்சி சிஸ்டர் மூத்திரம் இறங்கக் குழாய் போட்டார். பிறகு மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்: "வேற மருந்து வல்லதும் சாப்பிட்டதா?"

"இல்ல சிஸ்டர்" என்றார் அப்பா.

நான் சிஸ்டர் பின்னாலேயே உள்ளறைக்குப் போய்க் காலி மாத்திரை அட்டையை நீட்டினேன்.

அவர் அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தார். "மோளே, வயசாகும்போது ஆம்பளைங்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே ஒரு சுரப்பி வீங்கும். அதுதான் ராத்திரி தூங்க விடாது. இந்த மாத்திரை அவங்களுக்கு ஆகவே கூடாது. உள்ளதையும் அடைச்சிடும்." பிறகு, "இப்பவாவது சொன்னியே. அழாதே."

இங்கே மூணாறில் ஸ்கேன் எடுத்தார்கள்; சிறுநீரகம் வரை வீக்கம் என்கிறார்கள். எவ்வளவு நாளாக என்று டாக்டர் கேட்டார். இரண்டு வருஷமாம். இரண்டு வருஷம்!

சிஸ்டர் அப்பாவிடம் சொல்லிவிட்டாரா? தெரியவில்லை.

ஜனவரி 21, புதன்

நேற்று வீட்டுக்கு வந்தோம். ஆபரேஷன் அடுத்த மாதம்; அதுவரை குழாயும் பையும். கட்டில் காலில் தொங்கும் பையை அம்மாவின் பழைய துண்டால் மூடி வைத்திருக்கிறார்.

ராத்திரி கட்டன் சாயா போட்டுக் கொடுத்தேன். அப்பா டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். என்னைப் பார்த்தார். கடைசி மடக்கு வரை குடித்தார்.

இப்போது மணி மூன்றரை. அப்பா தூங்குகிறார். தாழ்ப்பாள் சத்தமே இல்லை. துண்டை விலக்கிப் பையில் ஏறுகிறதா என்று பார்க்க, நான்தான் இதுவரை நான்கு முறை எழுந்துவிட்டேன்.