தலையாட்டாத மச்சாளுக்கு

மச்சாள்,

இன்று காலை பொரளை கிளினிக்கில் பக்கத்தில் இருந்த பெண் ஒரு இஞ்சி டொஃபியை உரித்தாள். அந்த வாசனை வந்ததும் நீங்கள்தான் நினைவுக்கு வந்தீர்கள். கீமோ ஏற்றிய நாட்களில் குமட்டலை அடக்க நீங்கள் வாயில் வைத்திருந்த அதே டொஃபி. எனக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. அதைக் காட்டத்தான் அண்ணாவுடன் போயிருந்தேன்.

அன்றைக்கு உங்கள் ஸ்கேன் முடிவைக் கேட்கவும் நாங்கள் மூவரும் இப்படித்தான் காத்திருந்தோம். கொட்டாஞ்சேனைச் சந்தையில் பேரம் பேசும் அளவுக்குச் சிங்களம் உங்களுக்குத் தெரியும். டொக்டரின் ஆங்கிலத்தை மட்டும், எனக்கும் விளங்கினாலும், அண்ணாதான் தமிழில் சொல்லுவார். டொக்டர் ஸ்கேனில் ஈரலைச் சுட்டிக்காட்டி 'ப்ரோக்ரெஷன்' என்றார். அண்ணா உங்கள் பக்கம் திரும்பி, "முன்னேற்றமாம்" என்றார்.

நீங்கள் சிரித்தீர்கள். நத்தார்ப் பண்டிகைக்கு வத்தளைக்குப் போய் மகளோடு கேக் அடிக்கலாம் என்று சொல்லத் தொடங்கினீர்கள். பிறகு அண்ணா உங்கள் முகத்தைப் பார்க்காததைக் கவனித்து, பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"இவர் ஏன் என்னைப் பார்க்கிறாரில்லை? நீ சொல்லு."

சொல்லாதே என்று அண்ணா கண்ணால் கெஞ்சினார். ஆனாலும் நான் சொன்னேன்.

"முன்னேறினது நோய்தான், மச்சாள். மருந்துக்கு அடங்காமல் ஈரலுக்கும் பரவிட்டுதாம்."

நீங்கள் அழவில்லை. சுகமாக்க ஏலுமா என்று டொக்டரிடம் சிங்களத்தில் நீங்களே கேட்டீர்கள். அவர் இல்லை என்று தலையசைத்து, இனிப் 'பலியேட்டிவ்' சிகிச்சை என்றார். கைவிடப் போகிறார்கள் என்று அண்ணா குரலை உயர்த்தினார். டொக்டர் பொறுமையாக விளக்க, நான் தமிழில் சொன்னேன்: நோயைச் சுகமாக்குவதற்கல்ல, வலியையும் மூச்சு முட்டலையும் குறைத்து, இருக்கும் காலத்தை நிம்மதியாக இருக்க விடுவதற்குத்தான் இந்தச் சிகிச்சை; பராமரிப்பு நிற்காது. நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "விளங்காத சொல்லுக்கு என்னைத் தலையாட்ட வைக்காதீங்க."

அண்ணா பல கிழமைகள் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் வலி மருந்து சரிவந்த பிறகு நீங்கள் நித்திரை கொண்டீர்கள். கதிரையில் இருந்தபடியே மகளுக்குக் கேக் அடிக்கச் சொல்லிக் கொடுத்தீர்கள். சவப்பெட்டியில் எந்தச் சேலை உடுத்த வேண்டும் என்பது வரை அண்ணாவோடு கதைத்து முடித்து, ஈஸ்டர் கழிந்து, வீட்டிலேயே அவர் கையைப் பிடித்தபடி போனீர்கள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து அவர் என் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தார். "பொய் சொல்ல நினைக்கேல்ல," என்றார். "உள்ளுக்குப் பயம் இருந்தும், அந்தச் சொல் நல்லதாத்தான் இருக்கோணும் எண்டு மனம் பிடிச்சுக்கொண்டுது."

இன்று டொக்டர் கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு 'பயாப்ஸி' என்றார். உங்களுக்காக எத்தனையோ முறை கேட்ட சொல். எனக்கென்று வந்தபோது காது அடைத்துவிட்டது. நான் சும்மா தலையாட்டினேன்.

அண்ணா கதிரையை முன்னே இழுத்துக்கொண்டு, அது என்ன, எதற்காகச் செய்கிறீர்கள் என்று கேட்டார். டொக்டர் சொல்லச் சொல்ல எனக்குத் தமிழில் சொன்னார். ஊசியால் கட்டியில் சின்னத் துண்டொன்று எடுத்துச் சோதிப்பார்களாம். புற்றுநோயா இல்லையா என்பதை அதற்குப் பிறகுதான் சொல்ல முடியுமாம். இப்போதைக்கு இரண்டுமே இருக்கலாம்.

சோதனை அடுத்த கிழமை. பயமாகத்தான் இருக்கிறது, மச்சாள். ஆனால் அண்ணா சொன்னதில் ஒரு சொல்லும் கூடவில்லை, ஒரு சொல்லும் குறையவில்லை.