சங்கரம்மாள் செருப்பைக் கழற்றிய இடம்

எம்.ரெட்டியபட்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சுகந்திக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இந்த வெயிலிலும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இந்தப் பேச்சைப் போனில் எடுத்தால் நீ அழுகிறாய், நான் வைத்துவிடுகிறேன், ஒருநாளும் முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை. மீரா சாகிபு அண்ணன் மகன் ஆசிக் புதன்கிழமை மஸ்கட் வருகிறான், காராச்சேவோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். என் கை ரத்தமாக இருந்த போட்டோவை யாருடைய ஸ்டேட்டஸிலோ பார்த்துவிட்டு, "அங்கன்வாடி வேலைய மட்டும் பாரும்மா, ஆளத் தேடுற குழுவுல இருந்து வெலகு, இல்லேன்னா எங்கிட்டப் பேசாத" என்று சொன்னாய். விலகப் போவதில்லை சுகந்தி. கடைசி வரி வரைக்கும் உன்னைக் காக்க வைக்க வேண்டாம் என்றுதான் முதலிலேயே சொல்கிறேன். ஆனால் அந்தக் கை எப்படிக் கிழிந்தது என்று கேட்டுவிட்டு அப்புறம் கோபப்படு.

மேலத்தெரு சங்கரம்மாளை உனக்குத் தெரியும், லாரி ஓட்டும் பாண்டீஸ்வரனின் அம்மா. ஒரு வருசமாக அவருக்கு ஞாபகம் தப்பிப் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குக் காலையில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு எங்கேயோ கிளம்பியிருக்கிறார், மருமகள் முத்துலட்சுமி "பருத்தியுமில்ல ஒண்ணுமில்ல, பேசாம உக்காருங்க அத்தை" என்று சத்தம் போட்டிருக்கிறாள். தெருவே அதைக் கேட்டிருக்கிறது. அவள் தண்ணீர் பிடித்துவிட்டுத் திரும்புவதற்குள் ஆளைக் காணோம். பாண்டீஸ்வரன் லோடு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி போயிருந்தான். கொஞ்ச நேரத்தில் ஆண்டிச்சாமி பெரியப்பாவின் வெங்காயத் தோட்டத்துக் கிணற்றடியில் சங்கரம்மாளின் செருப்பு கிடப்பதாகச் சொன்னார்கள், அவ்வளவுதான், ஊர் முடிவு செய்துவிட்டது. நம் பக்கத்தில் கிணற்றடியில் செருப்பு கிடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தானே. தீயணைப்பு வண்டி வந்தது, பெரியப்பா மோட்டாரையும் போட்டுவிட்டார், சுற்றுவட்டாரமே கிணற்றைச் சுற்றி நின்று தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் குழுவில் அன்றைக்குப் போனது மொபைல் கடை செல்வக்குமார், தையல் கடை மீரான் பீவி, நான், இன்னும் மூன்று பேர். மரம் வெட்டிக் கரிமூட்டம் போட வந்த வெளியூர்க்காரர் ஒருவர் கண்மாய்க் கருவேல முள்ளுக்குள் வழி தெரியாமல் நாக்கு வறண்டு கிடந்தாரே, அதற்குப் பிறகு செல்வக்குமார் சேர்த்த குழு என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அங்கே தேட எங்களுக்கு ஒன்றுமே இருக்கவில்லை, உடம்பை எடுப்பதற்குத்தான் எல்லாரும் நின்றார்கள். முத்துலட்சுமி வரப்பில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழும்படியே ஒருத்தி, "கையால தள்ளுனாத்தானா, நாக்காலயும் தள்ளலாம்" என்றாள். பக்கத்தில் யாரும் போகவில்லை. நான் போய் உட்கார்ந்தேன். தேற்றுவதற்கென்று போகவில்லை, என்ன சொல்லித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவும் இல்லை. அத்தை இந்த நாலு நாளாக என்ன பேசிக்கொண்டிருந்தார் என்று மட்டும் கேட்டேன். அவள் தலையை நிமிர்த்தாமலே, "பருத்தி வெடிச்சிருச்சு, எடுக்கணும் எடுக்கணும்னாக டீச்சர். அந்தா கெணத்துக்கு அங்கிட்டு இருக்குற முள்ளுதான் அவுக பருத்தி எடுத்த புஞ்சை. புஞ்சைக்குள்ள செருப்புக் காலோட எறங்கவே மாட்டாக. வந்ததுல இருந்து சொல்லிக்கிட்டே இருக்கேன், ஒருத்தரும் காது குடுக்கல" என்றாள்.

நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அது கருவேலங்காடுதான். அது புஞ்சையாக இருந்தது என்பது அங்கே நின்ற பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும், வெள்ளாமை நிற்கும் மண்ணில் செருப்புப் படக் கூடாது என்று அவர்களும்தான் கழற்றிப் போட்டுவிட்டு இறங்குவார்கள். கிணற்றைப் பார்த்த கண்ணுக்கு அது தோன்றவில்லை. நான் சொன்னதைக் கேட்டு செல்வக்குமார் தீயணைப்பு அதிகாரியிடம் போய், உள்ளே முனகல் கேட்கிறதா என்று பார்க்கக் கொஞ்ச நேரம் மோட்டாரை நிறுத்துங்கள் என்று கேட்டான். கூட்டம் கொதித்துவிட்டது. "டீச்சருக்குப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்கத் தெரியும், கெணத்தப் பத்தி என்ன தெரியும்" என்றார் பெரியப்பா. அந்த அதிகாரி நல்ல மனிதர், நிறுத்தினார். முள்ளுக்குள் இறங்கி சங்கரம்மா சங்கரம்மா என்று கூப்பிட்டோம், நின்று கேட்டோம். ஒரு சத்தமும் இல்லை. "என்ன டீச்சர், மரம் பேசுச்சா" என்று யாரோ கேட்க, சிரித்துவிட்டு மோட்டாரை மறுபடி போட்டுவிட்டார்கள். எனக்கும் உள்ளுக்குள் ஆட்டம் கண்டுவிட்டது சுகந்தி, பொய் சொல்ல மாட்டேன். வெளியே போய் அவர்களோடு நின்றுவிடலாம் போல இருந்தது. முத்துலட்சுமிதான் போகவில்லை, செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு முள்ளுக்குள் நடந்தாள். அவளை விட்டுவிட்டு எப்படி வர?

ரோட்டோரக் கடைகளிலிருந்து காற்றில் பறந்து வரும் வெள்ளைப் பிளாஸ்டிக் கவர்கள் நம் பக்கத்துக் கருவேல மரம் முழுக்கச் சிக்கிக் கிடக்குமே, கண் பழகிப்போய் நாம் அதைப் பார்ப்பதே இல்லை. கூப்பிட்டுப் பயனில்லை என்று ஆனபிறகுதான் சுற்றிப் பார்த்தேன். ஒரு வரிசை மரங்களில் மட்டும் கை எட்டுகிற உயரம் வரை ஒரு கவர் இல்லை. அதற்கு மேலே கிழிசல் கிழிசலாகத் தொங்குகிறது, கீழே சுத்தமாக இருக்கிறது. அடுத்த மரமும் அப்படியே. முத்துலட்சுமி கையைப் பிடித்துக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "பருத்தி எடுத்துக்கிட்டுப் போயிருக்காக" என்றாள். அந்தச் சுத்தமான மரங்களைப் பிடித்துக்கொண்டே உள்ளே உள்ளே போனோம். கடைசியில் ஒரு அடர்ந்த புதருக்கு அடியில் முழங்கால் கிழிந்து, உதடு ஒட்டிப்போய், மடி நிறையக் கவரோடு சங்கரம்மாள் உட்கார்ந்திருந்தார். குறுக்கே கிடந்த முள் கொப்பை நான் இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்துக்கொண்டேன், முத்துலட்சுமி தவழ்ந்து உள்ளே போனாள். நீ போட்டோவில் பார்த்த கை அதுதான். விட்டிருந்தால் முள் அவர்கள் இரண்டு பேர் முகத்திலும் அடித்திருக்கும். சங்கரம்மாள் மருமகளைப் பார்த்து, "எடை போட ஆளு வந்துட்டாகளா" என்று கேட்டார். முத்துலட்சுமி கவரைப் பிடுங்கவில்லை, அழவில்லை, திட்டவில்லை. "வந்துட்டாக அத்தை, ஒங்களுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காக, வாங்க" என்று சொல்லிக்கொண்டே துணியை நனைத்து உதட்டில் வைத்தாள். செல்வக்குமார் முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தபோதும் மடியை அவர் விடவே இல்லை.

வெளியே வந்ததும் ஆண்டிச்சாமி பெரியப்பா, "எனக்கு அப்பவே தெரியும், விழுந்திருந்தா தண்ணி கலங்கியிருக்குமே" என்றார். மீரான் பீவி விடவில்லை, "அப்ப இம்புட்டு நேரம் மோட்டார் ஓடுனது வெங்காயத்துக்கா மாமா" என்று கேட்டுவிட்டாள், அழுதுகொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றி, இப்போது வீட்டில் கஞ்சி குடிக்கிறார். ஆனால் எனக்கு இன்னும் ஆறவில்லை. கிணற்றில் ஒன்றும் கிடைக்காமல் மறுநாள் முள்ளுக்குள் உடம்பாகக் கிடைத்திருந்தால், ஊர் முத்துலட்சுமியை என்ன பேசியிருக்கும், அவள் எப்படி அந்தத் தெருவில் நடந்திருப்பாள்? போன திங்கட்கிழமை பஞ்சாயத்து ஆபீஸில் உட்கார்ந்து பேசினோம். இனி யார் காணாமல் போனாலும் கிணற்றில் தேடுகிறவர்கள் தேடட்டும், முதலில் அந்த வீட்டு ஆளிடம் ஒருவர் உட்கார்ந்து கேட்பது, அதே நேரத்தில் குழுவில் ஒரு பாதி முள்ளுக்குள் இறங்குவது. பெரியப்பாவும் தலையாட்டியிருக்கிறார். உன் அப்பா, "அம்புட்டுப் பேரும் கிறுக்குக் கூட்டம்" என்று திட்டிக்கொண்டேதான் ஆட்டோவில் தண்ணீர்க் கேன் ஏற்றிவைக்கிறார். முத்துலட்சுமி எங்களோடு வருகிறேன் என்றாள். "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை" என்றானாம் பாண்டீஸ்வரன், "ஒங்கம்மாவ எந்த ஆம்பிளை கண்டுபிடிச்சான்" என்று கேட்டிருக்கிறாள்.

நீ கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், டி.டி. ஊசி அன்றைக்கே போட்டாயிற்று, புண் ஆறிவிட்டது. உன் வார்டிலும் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர் யாராவது இருப்பார், மருந்துச் சீட்டைப் படித்த பிறகு அவரிடமும் ஒரு வார்த்தை கேள். தலைக்கு எண்ணெய் வை. கோபம் இருந்தால் இருக்கட்டும், பேசாமல் மட்டும் இருக்காதே. நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய் நொடி இல்லாமல் நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும் என்று நம் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. வெல்டிங் வேலைக்காரர்கள் போடும் தோல் கையுறை அருப்புக்கோட்டையில் கிடைப்பதெல்லாம் ஆம்பிளை கை அளவு, போட்டால் கழன்று விழுகிறது. அங்கே பொம்பளை கைக்குத் தகுந்தது கிடைத்தால் இரண்டு ஜோடி வாங்கி அனுப்பு. என் கை அளவு உனக்குத் தெரியும். முத்துலட்சுமிக்கு அதைவிடக் கொஞ்சம் சின்னதாகப் பார்.

உன் அம்மா,
தங்கச்செல்வி