தாகமே இல்லை என்றாய்

இன்று சாயங்காலம் அம்மா முந்தானைக்குள் மறைத்து ஒரு தம்ளரைக் கொண்டுவந்தாள். உன்னுடைய அலுமினியத் தம்ளர். விளிம்பு நசுங்கியிருக்கும், எத்தனை முறை கழுவினாலும் சாணி வாசம் போகாது. மாதம் மூன்று நாள் நீ தூரமாகி மாட்டுக்கொட்டகையில் உட்காரும்போது மட்டும் அது உனக்கு. மற்ற நாளெல்லாம் கொட்டகைக் கூரையில் செருகிக் கிடக்கும். உன்னைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனதும் அதைக் கொல்லையில் விட்டெறிந்தார்களாம்.

"புளி போட்டு வெளக்குனா ஆவும்" என்றாள் அம்மா. அது யார் குடித்தது என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

எங்கள் தெருவில் இன்று ஆம்பிளைகள் யாரும் இல்லை. அறுப்புக் கூலிப் பேச்சு முறிந்ததிலிருந்து அப்பா எங்கே படுக்கிறார் என்று எங்களுக்கே தெரியாது. வெளிச்சம் தெரிந்தால் ஆள் இருக்கிறதென்று உன் அப்பாவின் ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று எல்லா வீட்டிலும் விளக்கை அணைத்துவிட்டார்கள். நான் சிமினி விளக்கின் திரியை இறக்கி, நெல் அளக்கும் மரக்காலைக் கவிழ்த்து மறைத்துவைத்து இதை எழுதுகிறேன். நாய் குரைத்தால் ஊதி அணைத்துவிடுவேன். போன மாதம் பக்கத்து ஊரில் இரண்டு கூரை எரிந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்காக அழுதேன் என்று அம்மாவுக்குத் தெரிந்தால் அது இன்னொரு பயம்.

கூலி கேட்டு உங்கள் வயலுக்கு வேலைக்குப் போகாத அம்மா, உன் சாவுக்கு மட்டும் போய் மாரடித்து அழுதுவிட்டு வந்தாள். "சண்டை சண்டை, சாவு சாவு" என்கிறாள். என்னால் அப்படிப் பிரிக்க முடியவில்லை.

உனக்கு நினைவிருக்குமா? ஒன்பதாவது படிக்கும்போது அந்த மூன்று நாளும் உன் பக்கத்தில் உங்கள் வீட்டார் யாரும் வரமாட்டார்கள். உன் அம்மா சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். கூட்டிப் பெருக்க வருகிற நான்தான் உனக்குத் துணை. வெளியே உன்னை "சின்னம்மா" என்றுதான் கூப்பிட வேண்டும். கொட்டகைக்குள் "நீ". அப்படிச் சொல்லச் சொன்னதும் நீதான்.

"அப்ப இந்த மூணு நாளும் நீ எங்க தெருக்காரி" என்றேன் ஒருநாள்.

"மாசத்துல மூணு நாளு உங்க தெரு. மிச்ச நாளு எங்க தெரு. ரெண்டு தெரு பட்டா எனக்குத்தான்டி" என்று சொல்லிச் சிரித்தாய். மாடுகூடத் திரும்பிப் பார்த்தது. ஒரே தட்டில்தான் தின்றோம்.

அப்போது தொடங்கியதுதான் அந்தக் கேள்வி விளையாட்டு. ஆளுக்கொரு கேள்வி. கோபித்துக்கொள்ளக் கூடாது, பொய் சொல்லக் கூடாது. இரண்டு சட்டமும் நீ போட்டவை.

"உங்க ஆளுங்க எல்லாம் கருப்பாத்தான் இருப்பாங்கன்னு அத்தை சொல்லுது. நீ ஏன்டி என்னைய விட செவப்பா இருக்க?"

"நீ என்னைய விட கருப்புத்தான். ஒன்னைய யாராச்சும் கருப்பின்னு கூப்புட்டாங்களா?"

"எங்களுக்கு நெலம் இருக்குல்ல" என்றாய். அதைப் போல நேர்மையான பதிலை நான் பள்ளிக்கூடத்தில்கூடக் கேட்டதில்லை.

என் அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசுவாளா என்று கேட்டாய். சண்டை வந்தால் சட்டியே பறக்கும் என்றேன். உன் அம்மா உன் அப்பாவின் பேரைக்கூடச் சொன்னதில்லை என்றாய். நம் இருவரில் யார் வீடு கீழ் என்று அன்று எனக்குக் குழம்பியது. உன் அப்பா கட்சி மேடைகளில் பேசுகிறவர். எல்லாரும் சமம் என்று அதே கொட்டகையின் வெளிச்சுவரில்தான் கருப்பும் சிவப்புமாக எழுதி வைத்திருந்தார்கள். சுவருக்கு உள்பக்கம் நாம் இருந்தோம்.

புரட்டாசி வெயில். உன் வீட்டார் கோயிலுக்குப் போயிருந்தார்கள். வைத்துவிட்டுப் போன தண்ணீர் தீர்ந்துவிட்டது. கிணறு எட்டின தூரத்தில். நீ தொடக் கூடாது, நானும் தொடக் கூடாது.

"நா வறளுதுடி. நீ ஒரு வாளி எறையேன்."

"நானா?"

"யாரு பாக்கப் போறா? நான் சொல்றேன்ல."

இறைத்தேன். இந்தத் தம்ளரில்தான் ஊற்றினேன். நீ நிறுத்தாமல் குடித்தாய், கழுத்தெல்லாம் நனைந்தது. நிமிர்ந்தபோது வேலியோரம் உங்கள் பண்ணைக் காரியக்காரர் நின்றிருந்தார்.

சாயங்காலம் களத்துமேட்டில் ஊரே கூடியிருந்தது. "யாரு சொல்லிடி கெணத்துல கைய வச்ச?" என்று கேட்டார் உன் அப்பா. நான் உன்னைப் பார்த்தேன். நீ எதிரே கொட்டகை வாசலில் நின்றாய். "சின்னம்மா, சொல்லுங்க" என்றேன்.

"நான் சொல்லல. எனக்குத் தாகமே இல்ல" என்றாய்.

உன் அப்பா என்னைத் தொடவில்லை. "ஒம் பொண்ண நீயே அடிடா" என்று புளியமிலாறை என் அப்பாவின் முன்னால் போட்டார். அப்பா அடித்தார். அடிக்கு அடி அவர்தான் அழுதார். நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் சொன்னால் போதும். அதிகம் போனால் உனக்கு இரண்டு அறை விழுந்திருக்கும். நீ கதவைச் சாத்திக்கொண்டாய்.

அதன்பிறகு அப்பா என் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. அந்த அறுவடையில்தான் செங்கொடி பிடித்தார். உன்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, பாபநாசம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாண ஊர்வலத்தில் என்னைத் தாண்டிப் போனபோது நீ மாலையைத்தான் பார்த்தாய்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாய். பிள்ளை பிழைத்துவிட்டது. தீட்டென்று உன்னை மறுபடியும் அந்தக் கொட்டகைப் பக்கத்து அறையில்தான் போட்டார்களாம். அழப் போன இடத்தில் கேட்டதை அம்மா சொன்னாள்: "காய்ச்சல்ல தண்ணி தண்ணின்னு கேட்டுச்சாம். பச்ச ஒடம்பு, ஆவாதுன்னு நாக்க மட்டும் நனைச்சாங்களாம்."

அதைக் கேட்டதிலிருந்து உன்னை முழுதாக வெறுக்க முடியவில்லை. மன்னிக்கவும் முடியவில்லை. கிணறு அதே தூரத்தில்தான் இருந்திருக்கும். யார் இறைத்துத் தருவார்கள்? கேட்டதும் இறைத்துக் கொடுத்தவள் ஒருத்திதானே இருந்தாள். அவளைத்தான் நீ களத்துமேட்டில் விட்டாய்.

தம்ளரை விளக்கிவிட்டேன். தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். குடிக்க வரவில்லை, கொட்டவும் மனசில்லை. வெளியே நாய் குரைக்கிறது. அணைக்கப் போகிறேன்.

நம் கேள்வி விளையாட்டில் கடைசியாக நீ கேட்டாய், நான் பதில் சொன்னேன். இப்போது என் முறை. கோபித்துக்கொள்ளக் கூடாது, பொய் சொல்லக் கூடாது.

அன்றைக்கு உனக்குத் தாகமாக இருந்ததா, இல்லையா?