வாளிக்குள் ஆந்தை

1996 யூன் 14, வெள்ளி

பக்கத்து வீட்டு டோனிக் கிழவர் இன்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஆந்தை எங்கே?" என்று கேட்டுவிட்டார்.

எங்கள் தக்காளிக் கன்றுகளை அணில்கள் கிண்டாமலிருக்க, அவரே சீமெந்தில் செய்து தந்த ஆந்தை. "பிள்ளை பிறக்கப்போற வீட்டிலை ஆந்தையோ? உதை எங்கையாவது மறையுங்கோ" என்றாள் என் மனைவி சுகந்தி. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று அவளுக்குப் பெரிதாகச் சொன்னேன். பிறகு கராஜுக்குப் பின்னால் கொண்டுபோய் வாளியால் மூடியதும் நான்தான்.

கிழவரிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "யாரோ களவெடுத்துவிட்டார்கள்" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. உள்ளே போனார்.

பின்னேரம் கதவைத் தட்டினார். கையில் இன்னொரு ஆந்தை. செத்துப்போன மனைவிக்காகச் செய்து, இத்தனை காலமும் தன் வாசற்படியில் வைத்திருந்தது. "பிள்ளை வரப்போகிற வீடு. காவலுக்கு ஒன்று வேண்டும்" என்றார்.

சுகந்தி இரண்டு கையாலும் வாங்கினாள். என்னைப் பார்க்கவில்லை.

யன்னலால் அவருடைய வாசற்படி தெரிகிறது. ஆந்தை இருந்த இடம் மட்டும் வெள்ளை வட்டமாக இருக்கிறது. திரையை இழுத்துவிட்டேன்.