பச்சைக் குஞ்சம் வைத்த மாலை

ஜூலை 31, வியாழன்

தஞ்சாவூர் வந்து சேர்ந்தோம். ஆடியில் புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது என்று என்னைக் குத்தாலத்துக்குக் கூட்டிப்போய் வைத்திருந்த அம்மாவுக்கு இது பெரிய அவமானம். "ஊர் என்னடி பேசும்?" என்றாள். முப்பத்திநாலு வயதில் கழுத்தை நீட்டியவளைப் பற்றி ஊர் பேச இன்னும் என்ன பாக்கி இருக்கிறது?

இவர்தான் பிடிவாதம். கல்யாண மாலைகளைப் பதினெட்டாம் பெருக்கன்று தஞ்சாவூர் புது ஆற்றில்தான் விட வேண்டுமாம். குத்தாலத்தில் காவிரியே ஓடுகிறதே என்றேன். "நான் பாக்காத ஊர், மேகலா. நாலு நாள் நடந்தே சுத்திப் பாப்போம்" என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

லாட்ஜ் ஜன்னலைத் திறந்தால் நேர் கீழே புது ஆறு. பெயர்தான் ஆறு, ஊர் நடுவே வெட்டிவிட்ட கால்வாய். கரை தொட்டு ஓடுகிறது. சத்தமே இல்லை.

ஆகஸ்ட் 1

அகழி, பெரிய கோவில், ஐயன்குளம் — கால் வீங்கிவிட்டது. பார்க்காத ஊரில் இவர் ஒரு இடத்திலும் வழி கேட்கவில்லை. முட்டுச்சந்து மாதிரி தெரிந்த ஒன்றுக்குள் நுழைந்தார். அது குளத்தின் படிக்கட்டில் போய் முடிந்தது.

ஆற்றங்கரையில் அம்சம் என்று ஒரு அம்மாவின் டீக்கடை. இவர் வாய் திறக்கும் முன்பே சர்க்கரை இல்லாத டீயை முன்னால் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் புதுத் தாலியைப் பார்த்தார். "படியில பாத்து இறங்கும்மா" என்றார்.

நான் எந்தப் படியிலும் இறங்கப்போவதாகச் சொல்லவில்லையே.

ஆகஸ்ட் 2

ஐந்தரைக்கு விழிப்பு. பக்கத்தில் இவர் இல்லை. ஜன்னலிலிருந்து பார்த்தேன். கரையில் நடக்கிறார். ஒவ்வொரு படித்துறையிலும் இறங்கி, குனிந்து, தண்ணீரை உற்றுப் பார்க்கிறார். அடுத்த படித்துறை. மறுபடியும். முழங்கால் வரை ஈரத்தோடு வந்து "வாக்கிங்" என்றார்.

சாயங்காலம் ரெகுலேட்டர் வரை நடந்தோம். அங்கே ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கர், கலந்தர் பாய் என்று பெயர், இவரைக் கண்டதும் எழுந்து வந்தார். "இந்த வருஷமும் ஒண்ணும் வரல தம்பி. வந்தா போன் பண்ண மாட்டேனா?" பின்னால் வந்த என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

என்ன வரவில்லை என்று கேட்டேன்.

"தண்ணி" என்றார் இவர்.

எங்கள் காலடியில் ஆறு தளும்பிக்கொண்டு போனது.

ஆகஸ்ட் 3, ஆடிப் பதினெட்டு

இப்போதே எழுதிவிடுகிறேன்.

படித்துறையில் நல்ல கூட்டம். மஞ்சள் கயிறு, காதோலை, கருகமணி, சித்திரான்னம். மாலை வைத்திருந்த பையைப் பிரித்தேன். இரண்டு இருக்க வேண்டும். மூன்று இருந்தன. மூன்றாவதில் பூவே இல்லை. வெறும் நார், அடியில் பச்சை ஜரிகைக் குஞ்சம்.

முதல் மனைவி குந்தவையைப் பற்றி எனக்குத் தெரியும். மஞ்சள் காமாலையில் போய்விட்டாள் என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள். இன்றைக்கு அந்தப் படியிலேயே உட்கார்ந்து வேறு கதை சொல்கிறார். அவர்கள் கல்யாணம் நடந்த வருஷம் ஆடியில் இந்த ஆற்றில் தண்ணீர் வரவில்லை. ஊரில் எல்லோரும் பம்புசெட்டில் மாலையை விட்டார்கள். இவர்தான், "ஓடற தண்ணியிலதான் விடணும், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாராம். அடுத்த ஆடியில் இரு கரையும் நிறைந்து வந்தது. அவள் தன் மாலையை விட்டாள். அது படியோரம் சிக்கிக்கொண்டது. தள்ளிவிட ஒரு படி கீழே இறங்கினாள். இவர் கையில் இவர் மாலை அப்படியே இருந்தது.

ஏழு வருஷம். உடம்பு கிடைக்கவே இல்லை.

அப்ப நான் யாரு? செத்தாளா இருக்காளான்னே தெரியாதவளுக்கு அடுத்தவளா? அவளைத் தேடத்தான் என்னைக் கூட்டிட்டு வந்தீங்களா? — அத்தனை பேர் நடுவில் கேட்டேன். இவர் பச்சைக் குஞ்சத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். "அதை ஆத்துல விடுங்க முதல்ல" என்றேன். விட்டார். எங்களுடைய இரண்டும் போயின. இவர் அழுதார். எனக்குக் கோபம்தான் வந்தது. காலையில் குத்தாலம் போகிறேன், தனியாக.

ஆகஸ்ட் 4

விடிந்தும் இவர் அசந்து தூங்கினார். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

ஆற்றில் ஓட்டமே இல்லை. கீழே ஷட்டரை இறக்கிவிட்டால் தண்ணீர் நின்று, விட்டதெல்லாம் திரும்பி வந்து ஒதுங்கும். டெல்டாவில் பிறந்தவளுக்கு இது தெரியாதா. லாட்ஜுக்குப் பின்னால் இருந்த படித்துறையில் எங்கள் மாலைகள் கிடந்தன. பக்கத்தில் இவருடைய பழைய நார். அதோடு பின்னிக்கொண்டு நாலாவதாக ஒன்று. அதே பச்சைக் குஞ்சம். பூ வாடவில்லை. மல்லிகை மொட்டு இன்னும் விரியக்கூட இல்லை.

நேற்று எத்தனை ஜோடி விட்டதோ. ஒரே கடையில் கட்டியதாக இருக்கும். அவள் விட்டதே ஒரு வருஷம் காய்ந்த மாலைதானே. இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

இவரை எழுப்பிக் காட்டினால் இன்னொரு ஏழு வருஷம் கரையிலேயே கிடப்பார். தள்ளிவிடலாம் என்று ஒரு படி இறங்கினேன். கணுக்காலை எதுவோ பிடித்தது. பாசியா, விரலா — சில்லென்று இருந்தது. இழுத்தேன், வரவில்லை. "அக்கா, விடுங்க. நான் பாத்துக்கறேன்" என்று வாய் தானாகச் சொன்னது. எதைப் பார்த்துக்கொள்வேன் என்று சொன்னேன்?

கால் வந்துவிட்டது. நின்ற தண்ணீரில் அந்த நாலாவது மாலை மட்டும் பிரிந்து போனது.

மேலே வந்து பையைக் கட்டிலடியில் வைத்தேன். இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 20

இவர் இப்போதெல்லாம் ஏழு மணி வரை தூங்குகிறார். சிரிக்கிறார். அம்மாவுக்கே மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. ஐந்தரைக்கு விழித்துக்கொள்வது நான்.

நவம்பர் 9

இவர் போனிலிருந்து நம்பரை எடுத்துக் கலந்தர் பாயைக் கூப்பிட்டேன். "இன்னும் ஒண்ணும் வரலம்மா" என்றார். நான் யார் என்று கேட்கவில்லை.

ஜனவரி 30

பாயே கூப்பிட்டார். "தண்ணிய நிறுத்தியாச்சும்மா. தரை தெரியுது. வாங்க, நடந்தே பாத்துடலாம்."

எதற்கு மறுபடி தஞ்சாவூர் என்று இவர் கேட்டார்.

"பாக்காத எடம் இன்னும் கொஞ்சம் இருக்குங்க" என்றேன்.