கரடியோடு ஒரு படம் இலவசம்

பிப்ரவரி 10, செவ்வாய்

இதை யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் எழுதிவைக்கிறேன். இன்று கரடிக்குள் இருக்கும்போது பெரிய தும்மல் ஒன்று வந்தது. கட்டியிருந்த முன்பல் கழன்று, கரடியின் வயிற்று வழியாக இறங்கி, இடது காலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இடைவேளை வரைக்கும் என் பல்லை நானே மிதித்துக்கொண்டு நடந்தேன். ஒரு குழந்தை, "கரடி நொண்டுது" என்றது. அதன் அம்மா, "பாவம், வயசான கரடி" என்றாள். அவளுக்கு யார் சொன்னது?

தீம் பார்க்கில் எனக்குக் கரடி வேஷம் போடுகிற வேலை. ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு எல்லாம் உள்ளே. நான் கேட்டுக்கு இந்தப் பக்கம். கரடியின் வாயில் கறுப்பு வலை, அதுதான் எனக்கு ஜன்னல். கரடி கையாட்டலாம், ஆடலாம், கட்டிப்பிடிக்கலாம். பேசக்கூடாது. பேசினால் அன்றைய சம்பளம் கிடையாது. "எங்கக்கா வாயை மூட ஒரு கம்பெனியே வேண்டியிருந்துச்சு" என்று தங்கச்சி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். பகலில் அடக்கிவைத்த பேச்சுதான் ராத்திரி இந்த நோட்டில் கொட்டுகிறது.

அவள் புருஷனிடம் மட்டும் சொல்லாதே என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஊரையே கிண்டல் பண்ணுகிறவள் நான். அவன் என்னைக் கிண்டல் பண்ண விடுவேனா?

பிப்ரவரி 15, ஞாயிறு

தங்கச்சி வீட்டுக்குப் போனேன். யூனிஃபார்ம் தைக்கிற கடையில் வாரம் முழுக்க பொத்தானுக்குக் காஜா எடுக்கிறாள். லீவு நாளிலும் மெஷின் முன்னால்தான். நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட துணி. அவளுக்கு, மகள் பெரியவளுக்கு, மகன் சின்னவனுக்கு, அவள் புருஷனுக்கு, நாலு பேருக்கும் அதே துணி.

"பேண்டு வாத்தியக் கோஷ்டியில சேரப்போறீங்களாடி?"

"பார்க்குல எடுக்கற மொத நாள் படத்துக்குக்கா. ஒரே மாதிரி நிக்கணும்."

அந்தப் படம். எங்கள் பார்க்கின் அந்த வருட பாஸ். நவம்பரில் சீப்பு வாங்கிக் கொடுத்தது. சீப்பு என்றால் தங்கச்சி புருஷன். சட்டைப் பையில் சீப்பு இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை, பெயர் நான் வைத்தது. வெளியூர் வேலைக்குப் போனவன், முதலில் மாதம் ஒரு தடவை வந்தான், இப்போது ஃபோனில் மட்டும் வருகிறான். பாஸ் அட்டையை இவளிடம் கொடுத்துவிட்டு, நம்பரைத் தன் ஃபோனில் வைத்துக்கொண்டிருக்கிறான். "நான் வந்தப்புறம் நாலு பேருமா போய்த் துவக்கலாம், அதுவரைக்கும் தொடாதே" என்பது உத்தரவு.

வருட பாஸ் சங்கதி கேட்டில் இருக்கிற பெண் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. வாங்கிய நாள் கணக்கில்லை. முதன்முதலாகக் கேட்டைத் தாண்டுகிற நாள்தான் ஒன்றாம் நாள். அன்றிலிருந்து ஒரு வருடம், எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம். ஒருவர் நுழைந்தாலும் மொத்தக் குடும்பத்துக்கும் வருடம் ஓட ஆரம்பித்துவிடும். முதல் தடவை நுழையும்போது முகத்தைப் படம் பிடித்துவிடுவார்கள், அப்புறம் ஆள் மாற்ற முடியாது. பெரியவர்களுக்கு இரண்டு இடம், குழந்தைகளுக்கு இரண்டு. வாங்கி ஆறு மாதத்துக்குள் துவக்காவிட்டால் பாஸ் செத்துப்போகும். துவக்குகிற அன்று கரடியோடு ஒரு படம் இலவசம்.

"இன்னும் எத்தனை நாளைக்கு அந்த அட்டையை அடைகாக்கப்போறே? குஞ்சு பொரிக்குமா?" என்றேன்.

"அவர் வந்துட்டா அப்புறம் போகமாட்டார்க்கா. வருஷம் முழுக்க பாஸ் இருக்குல்ல. ஞாயித்துக்கிழமைன்னா இவங்களைக் கூட்டிட்டு அங்கதான் இருப்பார்."

"ஓ, புருஷனைக் கட்டிப்போட கயிறு வாங்கல, அட்டை வாங்கியிருக்கே."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பெரியவள் சிரிக்கவில்லை. பதினொரு வயதில் அவளுக்கு என் ஜோக் புரிய ஆரம்பித்துவிட்டது.

பிப்ரவரி 19, வியாழன்

பல்லுக்குப் புது க்ளிப் போட்டாகிவிட்டது. இனி கரடி தைரியமாகத் தும்மலாம்.

மார்ச் 8, ஞாயிறு

எப்படி எழுதுவது. அப்படியே எழுதுகிறேன்.

மத்தியானம் நல்ல கூட்டம். ஃபோட்டோக்காரன், "கரடி, இங்க வா, புது பாஸ்" என்று கூப்பிட்டான். ஆடிக்கொண்டே போனேன். வலை வழியாக முதலில் தெரிந்தது ஒரு சட்டைப் பை. அதில் ஒரு சீப்பு.

அவனேதான். பக்கத்தில் கறுப்புக்கண்ணாடி போட்ட ஒருத்தி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தொப்பி போட்ட ஒரு பெண் குழந்தை. கேட்டுப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தான், "சம்சாரம், பொண்ணு. பையன் அடுத்த தடவை வருவான், அந்த எடம் அப்படியே இருக்கட்டும்."

எந்தப் பையன்? எங்கள் சின்னவன்.

பெரியவளுக்கு எங்கேடா இடம்? அவளை எங்கே எழுதினே? தங்கச்சியை எங்கே வச்சே?

"கரடி, நல்லா நெருங்கு. குடும்பம்ல, கட்டிப்பிடி" என்றான் ஃபோட்டோக்காரன். கண்ணாடிக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயே, நாத்தம் அடிக்குதுங்க" என்றாள். சீப்பு தலையை வாரிக்கொண்டே, "உள்ள எவனாவது வெந்துட்டிருப்பான், பாவம்" என்றான். அவன் வாயிலிருந்து முதன்முதலாக என்மேல் ஒரு பாவம்.

இரண்டு பேரையும் அணைத்துக்கொண்டேன். கட்டைவிரலையும் தூக்கினேன். ஏன் தூக்கினேன்? பழக்கம். படமென்றால் கரடி விரலைத் தூக்கும். அந்தக் கையால் அவன் கழுத்தைத் திருகியிருக்கலாம். தூக்கினேன்.

மார்ச் 9, திங்கள்

போய்ச் சொல்லிவிட்டேன். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.

"உன் புருஷனை நேத்து பார்க்குல பாத்தேன்டி. கறுப்புக்கண்ணாடி போட்ட ஒருத்தியோட. பாஸையும் துவக்கிட்டான்."

அவள் துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போன மாசம் அவரை சினிமா போஸ்டர்ல பாத்தேன்னே. அதுக்கு முந்தி பஸ்ஸுல அடிபட்டுட்டார்னு ஃபோன் பண்ணி என்னை நடுரோட்டுல உக்காந்து அழவச்சே. இந்தத் தடவை கண்ணாடிக்காரியா? நல்லாருக்கு. டீ போடட்டுமா?"

"இல்லடி, நெஜமா."

"அன்னிக்கும் 'நெஜமா'ன்னுதான் சொன்னே."

அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கச் சொன்னாள். கோத்துக் கொடுத்தேன். "ஆமா, சும்மாதான் சொன்னேன்" என்றேன். டீ குடித்தேன். சர்க்கரை அதிகம் என்று குறை வேறு சொன்னேன்.

மார்ச் 10, செவ்வாய்

இன்று எல்லோருக்கும் கையாட்டினேன்.

மார்ச் 28, சனி

சீப்பு ஃபோனில் வந்தானாம். இந்த லீவுக்கும் முடியாதாம். பாஸ் கிடக்கட்டும், தொடாதே என்றானாம்.

"அடுத்த மாசம் விட்டா பாஸ் செத்துடும்க்கா. சின்னவன் தெனமும் அழறான். நாங்க மூணு பேரும் போய்த் துவக்கிடறோம். அவர் வந்து சேந்துக்கட்டும். சட்டையைப் பையில எடுத்துட்டு வர்றேன், ஒருவேளை வந்துட்டார்னா?"

"வேணாம்டி. கூட்டம். வெயில். ராட்டினம் ரிப்பேர்."

"நீ வேணாம்னா கட்டாயம் வரணும்னு அர்த்தம்" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். இத்தனை வருடம் தலைகீழாகவே பேசிப் பழக்கிவிட்டேன். இனி நேராக எந்த வாயால் பேசுவது?

ஏப்ரல் 12, ஞாயிறு

வந்துவிட்டார்கள்.

தூரத்திலேயே நீலம் தெரிந்தது. மூன்று நீலம். அவள் தோளில் பை. நாலாவது நீலம் அதற்குள் மடித்து இருக்கும்.

கேட்டுப் பெண் நல்ல பெண். சிரித்துக்கொண்டே சொன்னாள், "மேடம், இது மார்ச் எட்டாம் தேதியே துவங்கிடுச்சே."

"இல்லம்மா, நாங்க இன்னிக்குத்தான் மொதல் தடவை வர்றோம். அட்டை என்கிட்டயே இருக்கு பாருங்க."

"நம்பர் ஃபோன்ல இருந்தாலே போதும் மேடம். இதோ, மொத நாள் படம்கூட இருக்கு." அந்தப் பெண் திரையை அவள் பக்கம் திருப்பினாள். உதவி என்றுதான் நினைத்தாள்.

தங்கச்சி குனிந்து பார்த்தாள். காஜா சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல, மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து, நிதானமாகப் பார்த்தாள். சீப்பைப் பார்த்தாள். கண்ணாடிக்காரியைப் பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள். நடுவில் நிற்கிற கரடியைப் பார்த்தாள். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஒரு குழந்தைக்கு எடம் காலியா இருக்கு மேடம்" என்றாள் கேட்டுப் பெண். "யாராவது ஒருத்தர் போலாம். ஆனா பாஸ்ல இருக்கிற பெரியவங்க கூட வரணும்."

"நான்! நான்!" என்று சின்னவன் கையைத் தூக்கிக்கொண்டு குதித்தான். பெரியவள் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

தங்கச்சி என் கிட்டே வந்தாள். வலைக்கு நேராக முகத்தை வைத்துச் சொன்னாள். சத்தமே இல்லை. "அக்கா, வெரலைத் தூக்கிக் காட்டியிருக்கியே."

தலையைக் கழற்றியிருக்கலாம். ஒரு நாள் சம்பளம்தானே. அது இல்லை காரணம். தலையைக் கழற்றினால் உள்ளே என் முகம் இருக்கும். பயந்துவிட்டேன்.

ஃபோட்டோக்காரனுக்கு என்ன தெரியும். மூன்று பேர் ஒரே துணியில் வந்ததைப் பார்த்ததும் அவனுக்குக் குஷி. "கரடி, என்ன நின்னுட்டே! குடும்பம்ல, கட்டிப்பிடி!"

நான் இரண்டு கையையும் விரித்தேன். யாரும் வரவில்லை. விரித்தபடியே நின்றேன்.

ஏப்ரல் 13, திங்கள்

நேற்று கரடி உற்சாகமாக இல்லை என்று ஒரு புகார் வந்திருக்கிறதாம். சூப்பர்வைசர் சொன்னார்.

ஏப்ரல் 30, வியாழன்

தங்கச்சி வீட்டுக் கதவைத் தட்டினேன். பெரியவள் திறந்தாள். "அம்மா இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க" என்றாள். உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம்.

அவள்தான் வாசலில் நின்றபடியே விவரம் சொன்னாள். சீப்பு வந்தானாம். கண்ணாடிக்காரியை மறைக்கவில்லையாம். இனி இங்கே தங்கப்போவதில்லை, ஆனால் பையனை மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்குக்குக் கூட்டிப்போவேன் என்றானாம். சின்னவன் அப்பா காலைக் கட்டிக்கொண்டு விடவில்லையாம். அம்மா கடைசியில், "அவனாவது போகட்டும்" என்று சொல்லிவிட்டாளாம்.

"நீ?"

"பாஸ்ல ஒரு எடம்தான் பாக்கி இருக்காம் பெரியம்மா. நான் வளந்துட்டேனாம்."

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பெரியம்மா, ஜோக் ஒண்ணும் வரலையா?" என்று கேட்டுவிட்டு, மரியாதையாகக் கதவைச் சாத்தினாள்.

மே 10, ஞாயிறு

சின்னவன் வந்தான். காலியாக இருந்த நாலாவது இடத்தில் அவன் முகத்தைப் படம் பிடித்தார்கள். தண்ணீர்ச் சறுக்குப் பக்கம் ஓடினான்.

சாயங்காலம் ஃபோன் அடித்தது. தங்கச்சி. ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவை.

"சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்."

"சிரிச்சானா?"

என்ன சொல்ல? சிரித்தான் என்றாலும் குத்தும், சிரிக்கவில்லை என்றாலும் குத்தும். யோசித்துப் பார்த்துவிட்டு நிஜத்தைச் சொன்னேன். "சிரிச்சான்டி. நல்லா சிரிச்சான்."

இந்தத் தடவை நம்பினாள். ஃபோனை வைத்துவிட்டாள்.

மே 24, ஞாயிறு

சின்னவன் அந்த நீலச் சட்டை போட்டு வந்தான். சீப்பு வரிசையில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தான். கண்ணாடிக்காரி ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். பையன் கையில் ஐஸ்கிரீமோடு நேராக என்னிடம் ஓடி வந்தான். வலையில் வாயை வைத்து, "பெரியம்மா, உள்ள இருக்கியா?" என்றான். கரடி பேசக்கூடாது. தலையை ஆட்டினேன்.

"அம்மாவுக்குன்னு பாதி வச்சேன். உருகுது. நீ குடுத்துரு" என்று கோனைக் கரடியின் வாய்க்குள் திணித்துவிட்டு ஓடினான்.

ஸ்ட்ராபெரி. வலை முழுக்க அப்பிக்கொண்டது. எனக்கு வேறு ஜன்னல் கிடையாது. ஃபோட்டோக்காரன், "கரடி, இடது பக்கம் குழந்தை" என்றான். இடது பக்கம் திரும்பி, குனிந்து, இறுக்கிக் கட்டிப்பிடித்து, விரலைத் தூக்கினேன். கைக்குள் இருந்தது குப்பைத்தொட்டி. படம் நன்றாக வந்திருக்கிறது என்றார்கள்.