பதினோராவது ரிவெட்

என்ர குகன் தம்பிக்கு,

நீ செத்து முப்பத்தோராம் நாள் செய்த அந்தியேட்டி முடிஞ்சு ரெண்டு மாதமாகுது. இண்டைக்கு உன்ர பிளேனும் போயிட்டுது. வெளிநாட்டில இருந்து பெட்டி பெட்டியாய் வந்த துண்டுகளை வெள்ளவத்தை வீட்டுக் கராஜுக்குள்ள வச்சு நீ ஒண்டோடை ஒண்டு பொருத்திப் பூட்ட, ஒழுங்கைச் சனம் எங்கட வீட்டுக்கு "எயார்போர்ட்" எண்டு பேர் வச்சுதே, அந்த ரெண்டு சீட் பிளேன்தான். அதில ஏறிப் பறக்க உனக்குக் குடுத்துவைக்கேல்லை. காலி வீதி பஸ் ஹோல்ட்டில நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவன் பிறகு எழும்பவேயில்லை.

ஒரு விஷயத்தை உன்னட்டை ஒளிச்சனான். ஊர் வாசிச்சாலும் பரவாயில்லை, சொல்லிப்போடுறன்.

இடது இறக்கைத் தகட்டைப் பொருத்த ரிவெட் ஆணி அடிச்ச ஞாயிற்றுக்கிழமை ஞாபகமோ? நீ வெளியில இருந்து அடிப்பாய். நான் உள்ளுக்குக் கையை விட்டு, ரிவெட்டின்ர வால் நசுங்க இரும்புக்கட்டியை அழுத்திப் பிடிக்கோணும். அந்தச் சத்தத்துக்கை கதை ஒண்டும் கேளாது. அதுக்காக ஒரு பழக்கம் வச்சிருந்தம். சரியெண்டால் தகட்டில நான் ரெண்டு தட்டு. பிழையெண்டால் ஒரு தட்டு, நீ கழட்டித் திரும்ப அடிப்பாய்.

அண்டைக்கு மூண்டு தரம் ஒரு தட்டுத் தட்டிப்போட்டன். "அக்கா, உனக்குக் கை இருக்கோ இல்லையோ?" எண்டு கத்தினாய். எனக்கு வந்த கோவம்! பதினோராவதில கட்டி வழுக்கி, வால் ஒருபக்கம் சரிஞ்சு போச்சு. விரலால தடவிப் பாத்தனான். தெரிஞ்சும் ரெண்டு தட்டுத் தட்டினன்.

அந்தியேட்டிக்கு அடுத்த நாள் பின்னேரம் கராஜ் கூட்டேக்க, இடது இறக்கைக்குள்ள 'டொக்' எண்டு ஒண்டு. வெயிலுக்குத் தகடு விரியுது எண்டு நினைச்சன். அடுத்த நாளும் ஒண்டு. மழை நாளிலயும் ஒண்டு. எலியெண்டால் ஓடுமெல்லோ? இது ஒருக்காத் தட்டிப்போட்டுக் காத்துக்கொண்டிருக்கும். விளக்குமாத்தைப் போட்டிட்டு ஓடிப்போய்ச் சாமியறைக்குள்ள இருந்திருக்கிறன். தூக்கி வளத்த பிள்ளைக்குப் பயந்தனான், அதுதான் வெக்கம்.

போன கிழமை வத்தளையில இருந்து ரியாஸ் எண்டு ஒருத்தர் பிளேனை வாங்க வந்தார். பறக்கப் படிச்ச பிள்ளை. இறக்கையைத் தடவிக்கொண்டே, "முதல்ல என் மகளத்தான் ஏத்திட்டுப் போவேன்" எண்டார்.

டொக்.

அவரும் திரும்பிப் பாத்தார். "உள்ள என்னமோ கெடக்குது போல."

"தம்பி, நில்லுங்கோ. பதினோராவது ரிவெட் பிழை. நான் தெரிஞ்சே சரியெண்டு தட்டினனான்."

அவர் இறக்கைக்குள்ள டோர்ச்சும் சின்னக் கண்ணாடியும் விட்டுக் கனநேரம் பாத்தார். "எல்லாம் நல்லாத்தானே இருக்கு, அக்கா. நீங்களே பாருங்க."

பாத்தன். பதினோராவது மற்றதுகளை விட வடிவாய், வட்டமாய் நசுங்கியிருந்தது.

நீ வேலை எழுதி வைக்கிற கொப்பியை எடுத்துப் பிரிச்சம். நீ செத்ததுக்கு முதல் நாள் திகதி. "பதினொண்டு கழட்டித் திரும்ப அடிச்சது." 'அடிச்சவர்' எண்ட இடத்தில உன்ர பேர். 'பிடிச்சவர்' எண்ட இடத்தில 'அக்கா'.

தெரிஞ்சும் என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லையே, என்ர ராசா! ஆனால் அண்டைக்கு முழுக்க நான் கொட்டாஞ்சேனையில மாமி வீட்டிலயெல்லோ நிண்டனான். தனி ஆளுக்கு அங்க கை எட்டாது. கட்டியை ஆர் பிடிச்சது?

இண்டைக்குப் பகல் லொறி வந்து எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு போச்சு. வெறுங் கராஜில கதிரை போட்டிருந்துதான் இதை எழுதுறன். சுவரையும் நிலத்தையும் தவிர இங்க ஒண்டுமில்லை. இப்ப, மேல் வரியை எழுதி முடிக்க, தகட்டில ரெண்டு தட்டுக் கேட்டுது.

எந்தத் தகட்டில தட்டினனீ, குகன்?

வலது இறக்கை இன்னும் தகடு அடிச்சு மூடேல்லை. ரியாஸுக்குக் கட்டி பிடிக்க ஆளில்லை. ஞாயிறு ஞாயிறாய் வத்தளைக்குப் பஸ் ஏறி நான் போய்ப் பிடிப்பன். பிழையெண்டால், அவர் என்ன பேச்சுப் பேசினாலும், ஒரு தட்டுத்தான் தட்டுவன். இது சத்தியம்.

கை இருக்கிற
உன்ர அக்கா